மூலைக்கு நகர்ந்த முருகன்

ஈப்போ தொலைக்காட்சிக் கடைப் பையன், “4கே அண்ணே, படத்துல 83 லட்சம் புள்ளி!” என்றான். எண்ணிச் சரிபார்த்தவன்போலத் தலையாட்டினேன். தோட்டத்தில் கிராணி வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொலைக்காட்சி பார்த்தவன் நான். அதில் படமே கறுப்பு வெள்ளைப் புள்ளிதான். 1978இல்தான் மலேசியாவில் வண்ண ஒளிபரப்பே வந்தது.

65 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவாம். அகலம் மட்டும் ஏறக்குறைய நாலேமுக்கால் அடி. புதுப் பெட்டி வீட்டுக்கு வந்ததும் முருகன் படம் மூலைக்கு நகர்ந்தது. சோபா சுவரோடு ஒட்டியது. தவணை 24 மாதம்.

இப்போது பிள்ளைகள் அறைக்குள் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் பெரிய திரைமுன்: “சீரியல்ல அழுவுறவளுக்குக் கண்ணுல தண்ணியே இல்லைடா!”

83 லட்சம் புள்ளி கண்ட உண்மை.