இலவசக் காபி

கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில், பிளிசார்ட் கேம் கம்பெனி வளாகத்தில் ஓநாய்மேல் ஏறிய ஓர்க் அரக்கனுக்குப் பன்னிரண்டடி வெண்கலச் சிலை. அதைச் சுற்றிக் கம்பெனியின் வேதவாக்குகளைப் பலகைகளில் பதித்திருந்தார்கள். எல்லோர் குரலுக்கும் மதிப்புண்டு என்பது அதிலொன்று.

2019 அக்டோபரில் பிளிசார்டின் கேம் போட்டி நேரலையில் ஓர் ஆட்டக்காரர் ஹாங்காங் போராட்டத்துக்குக் குரல் கொடுத்தார். மதிப்பு உடனே கிடைத்தது: ஓராண்டுத் தடை, பரிசுப் பணம் ரத்து. ஊர் காறித் துப்பிய பிறகே தடை பாதியானது, பணம் திரும்பியது. அதற்குள் ஊழியர்களே அந்தப் பலகையைக் காகிதத்தால் மூடிவிட்டார்கள். வெட்கம் யாராவது ஒருவருக்காவது இருக்க வேண்டுமே.

அதே ஆண்டு பிப்ரவரியில், தாய்க் கம்பெனி ஆக்டிவிஷன் பிளிசார்ட் 750 கோடி டாலர் வருமானம், இதுவரை காணாத சாதனை என்று முதலீட்டாளர்களிடம் மார்தட்டியது. அன்றைக்கே சுமார் 800 பேருக்குச் சீட்டைக் கிழித்தது. நஷ்டம் வந்தால் ஆளைக் குறைப்பவன் சாதாரண முதலாளி. லாபத்தைக் கொண்டாடவே ஆளைக் குறைப்பவனை என்னவென்று அழைப்பது?

2020இல் ஊழியர்கள் தங்கள் சம்பளத்தை ஒரு பட்டியலில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாடகை கட்டுவதற்காகச் சாப்பாட்டைத் தவிர்ப்பதாகவும், கம்பெனியின் இலவசக் காபியைக் குடித்துப் பசியை அடக்குவதாகவும் ஒருவர் உள்ளரட்டையில் எழுதியிருந்தார். சலுகையே இல்லையென்று யார் சொன்னது? அந்த ஆண்டு தாய்க் கம்பெனியின் தலைவர் பாபி கோட்டிக்குக்குக் கணக்கில் காட்டிய ஊதியம் சுமார் 15.4 கோடி டாலர். அவர் எவ்வளவு காபி குடித்தார் என்று தெரியவில்லை.

2021 ஜூலையில், பெண்களுக்குப் பாலியல் தொல்லை, சம்பளத்தில் பாரபட்சம் என்று மாநில அரசே வழக்குப் போட்டது. திரித்த சித்திரம் என்றது நிர்வாகம். ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். 2023 இறுதியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

அதற்குள் கடை கைமாறியிருந்தது. விலை 6,870 கோடி டாலர், வாங்கியது மைக்ரோசாஃப்ட். நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிறவர்கள் எல்லோரும் நம் வெற்றியில் முக்கியப் பங்காற்றியவர்கள் என்ற பாராட்டு, பிரிவின் தலைவர் ஃபில் ஸ்பென்சரின் கடிதத்திலேயே இருந்தது. உருப்படியாக எதுவும் செய்யாதவர்கள் யாரென்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மேல்மாடியைத்தான் காட்டியிருக்க வேண்டும்.