சக் எறியுமா? ஒரகடம் வட்டார எறிவினைகள் பற்றி ஓர் ஆய்வு

த்ரோ, டாஸ், பிட்ச், காஸ்ட், சக், ஸ்லிங், ஹர்ல் என்று எறிவதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கோபத்தில் எறிந்ததா, அலட்சியமாக எறிந்ததா, குறிபார்த்து எறிந்ததா என்று அகராதிக்காரர்கள் நுணுக்கமாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவரும் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை களப்பணி செய்ததாகத் தெரியவில்லை. செய்திருந்தால் நமது கருதுகோள் அவர்களுக்கும் புலப்பட்டிருக்கும்: சிப்காட் தொழிற்பேட்டை எல்லைக்குள் நுழைந்ததும் எறிவினைகள் எறிவதை நிறுத்திவிடுகின்றன.

முதலில் 'சக்'. கிரிக்கெட்டில் பந்தை வீசாமல் எறிந்தால் அது சக். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர் முத்தையா முரளிதரனுக்கு நோ-பால் கொடுத்த பிறகு, தமிழர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க ஆசிரியர் தேவைப்படவில்லை. ஒரகடம் லேத்தில் இருக்கும் சக்கோ மூன்று தாடைகளால் பீஸைக் கவ்விப் பிடிக்கிறது. இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்று மொழியியலார் நழுவப் பார்ப்பார்கள். விடக்கூடாது. சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஓட்டாதே என்று ஐ.டி.ஐ.யில் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓட்டினால் சாவி பறக்கும். ஆக, சக் தன் பூர்வீகத் தொழிலை மறக்கவில்லை, ஆள் அசருவதற்காகக் காத்திருக்கிறது. (இதைச் சோதனை செய்து நிறுவ சேஃப்டி ஆபீசர் அனுமதிக்கமாட்டார்.)

தாவீது கோலியாத்தைச் சாய்த்த கவணுக்குப் பெயர் ஸ்லிங். இங்கே அது கிரேன் கொக்கியில் மாட்டும் நாடா. ஊதா நிறம் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. கவண் கல்லை விடாவிட்டால் குற்றம், இது சுமையை விட்டால் குற்றம். பிட்ச் எம்10 போல்ட்டின் மரைக்குள் 1.5 மில்லிமீட்டராக ஒடுங்கிக் கிடக்கிறது. காஸ்ட் அச்சுக்குள் ஆறிக்கொண்டிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது த்ரோ. கிராங்க் ஷாஃப்டின் நடு அச்சிலிருந்து கிராங்க் பின் எவ்வளவு விலகி நிற்கிறதோ அந்தத் தூரம்தான் த்ரோ. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. ஜே வரிசை எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 85.8 மில்லிமீட்டர். த்ரோ அதில் சரிபாதி, 42.9. ஒலிம்பிக்கில்கூட எறிதலை இத்தனை துல்லியமாக அளப்பதில்லை. எறியப்பட்டது மட்டும் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை, கம்பெனி பஸ்போல அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லத்தீன் வேரில் எறிதலை ஒளித்துவைத்திருக்கும் சொற்கள் தனிக் குடும்பம். பம்பர் வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மெஷின் பிளாஸ்டிக்கை உள்ளே எறிகிறது, எஜெக்டர் பின் வெளியே தள்ளுகிறது, குவாலிட்டிக்காரர் ரிஜெக்ட் செய்கிறார். வேடிக்கை என்னவென்றால், ரிஜெக்ட் ஆன பீஸைத்தான் தூக்கி எறியவே கூடாது. சிவப்புத் தொட்டியில் வைத்து, டேக் கட்டி, எண்ணி, காரணம் எழுதி, கையெழுத்தும் போட வேண்டும். நல்ல பீஸுக்கு இந்த மரியாதை கிடையாது.

லைனில் நிற்கும் தமிழருக்கு இத்தனை சொற்கள் தேவையில்லை. 'போடு' ஒன்றே போதும்: பீஸைப் போடு, போல்ட்டைப் போடு, ஓ.டி. போடு, லீவு போடு. கடைசி ஒன்று மட்டும் சூப்பர்வைசர் காதில் விழுவதில்லை.

அப்படியானால் உண்மையான எறிதல் எங்கே நடக்கிறது? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நிர்வாகம் பயன்படுத்திய வினை 'சஸ்பெண்ட்', அதாவது லத்தீன் வேரின்படி தொங்கவிடுதல். ஸ்லிங் செய்யும் வேலை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த லத்தீனும் கிடைப்பதில்லை, "நாளையிலேருந்து வர வேணாம்" என்பதோடு சரி. இந்த வாக்கியத்தை எறிவினைகளில் சேர்ப்பதா வேண்டாமா என்பது இலக்கணத்தைத் தாண்டித் தொழிலாளர் நல ஆணையரின் அதிகார வரம்புக்குள் போய்விடுவதால், கோப்பு அங்கே அனுப்பப்படுகிறது.