பந்து போகும் பக்கம்

கே: அர்ஜென்டினா ஜெயித்தால் நமக்கு என்ன வந்தது? 2022 ஃபைனல் ராத்திரி என் மகன் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. (குன்றத்தூரிலிருந்து ஒரு தாய்)

ப: தெரு தூங்கியே இருக்காது அம்மா! டிசம்பர் 18 அன்று எண்பதாவது நிமிஷம் வரை அர்ஜென்டினா 2-0. பிறகு இரண்டு நிமிஷத்துக்குள் எம்பாப்பே இரண்டு கோல் அடித்தார். 3-3 ஆகி, பெனால்டியில்தான் முடிந்தது. மெஸ்ஸிக்கு அது ஐந்தாவது உலகக் கோப்பை. பதினாறு வருஷம் தோற்றுத் தோற்றுத் திரும்ப வந்த ஒரு மனிதர் கடைசியில் கோப்பையைத் தூக்கினால் எந்தப் பிள்ளை கத்தாமல் இருக்கும்? அரியர் வைத்திருக்கிற பையன் என்றால் இரண்டு பங்கு கத்துவான்.

கே: சேக்கிழார் பிறந்த மண்ணில் மெஸ்ஸி, ரொனால்டோ என்று இவ்வளவு வெறி தேவையா? (மாங்காடு)

ப: அடியார்கள் கதையை எழுதியவர் பிறந்த ஊர். ஒருவர் மேல் உயிரையே வைப்பது எப்படி என்று குன்றத்தூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வெறி இருக்கட்டும், அதற்காகப் பேனர் வைப்பது மட்டும் கூடாது. 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது.

கே: வெளிநாட்டு அணிகளுக்குக் கத்துகிறார்கள், சரி. சென்னை அணியால் நமக்கு என்ன ஆயிற்று? (அனகாபுத்தூர்)

ப: அனகாபுத்தூர்க்காரர் கேட்கலாமா இதை? 2015 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கிறதா? செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாகக் கணக்கு. உங்கள் ஊரைத் தாண்டித்தான் அது அடையாற்றில் ஓடியது. அந்த வெள்ளத்தால் சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போய்விட்டது. வீடெல்லாம் சேறு, பீரோவெல்லாம் ஊறிப்போன துணி. அந்த நேரத்தில் புனேவில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்திவிட்டது. எதிரணி மைதானம், எதிரணிக் கூட்டம். 90ஆவது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கையில் பட்டுப் பந்து உள்ளே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா அடித்தார், 3-2. மூன்று வாரமாக நிவாரணக் கணக்கு மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஊர், ஒரு ராத்திரி வேறு கணக்குப் பேசியது. அந்தக் கோப்பை யார் வீட்டுச் சேற்றையும் வழித்துப் போடவில்லை. ஆனால் முழுசாக விழுந்துவிடவில்லை என்று ஒரு ஊருக்கு அன்றைக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பதினொரு பேர் ஆடிக் காட்டிச் சொன்னார்கள். எனக்கு 2018-இல் அவர்கள் மறுபடி வாங்கிய கோப்பையைவிட இதுதான் பெரிசு.

கே: கிரிக்கெட்டா, கால்பந்தா? (பம்மல்)

ப: மழை வந்தால் கிரிக்கெட் கவர் போட்டு மூடும். கால்பந்து அப்போதுதான் சூடு பிடிக்கும்.

கே: பன்னிரண்டு வயது மகள் கால்பந்து ஆட வேண்டும் என்கிறாள். முட்டி சிராய்த்துக் கறுத்துப்போனால் யார் கட்டிக்கொள்வார்கள் என்கிறார் என் மாமியார். (குன்றத்தூர்)

ப: மாமியாரிடம் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொல்லுங்கள். கடலூர்ப் பெண். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னையில் டியூட்டி பார்த்தவர். 2018-இல் தேசிய சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை வீழ்த்தி வாங்கினார்கள். அடுத்த வருஷமே மதுரை சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை ஜெயித்தது. கல்யாணம் அது பாட்டுக்கு நடக்கும். முதலில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், ஒரு சைஸ் பெரிசாக வேண்டாம், கொப்புளம் வரும்.

கே: வியாசர்பாடியிலிருந்து இந்திய அணிக்குப் போகிறார்கள். நம் பக்கம் ஏன் யாரும் வருவதில்லை? (குன்றத்தூர், கல்லூரி மாணவர்)

ப: வியாசர்பாடி நந்தகுமார் 2023 ஆகஸ்டில் கொல்கத்தா டெர்பியில் அடித்த ஒரே கோலில், நான்கரை வருஷம் கழித்து ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை ஜெயித்தது. அந்த ஏரியாவில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே காலில் பந்து இருக்கும். பார்த்துத் திருத்த அண்ணன்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் இரண்டு செருப்பை வைத்து கோல்போஸ்ட் போட்ட காலி மனையில் அடுத்த மாசமே பில்லர் எழும்புகிறது. மீதி இருப்பது மணிக்கணக்கில் வாடகை கேட்கும் டர்ஃப். கூலிக்காரர் பிள்ளை அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும்.

வழி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். உங்கள் நகரின் லே-அவுட் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அந்தப் பத்து சதவீதம் எங்கே என்று நகராட்சியில் கேளுங்கள். பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லி மனு கொடுங்கள். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.