தருமியும் அடியேனும்

கிராமபோன் இல்லாத வீட்டுக்கு இசைத்தட்டு வாங்கி வந்தவன் என்று அம்பத்தூரில் எங்கள் தெருவார் என்னை வெகு காலம் அடையாளம் சொல்லி வந்தார்கள். குற்றச்சாட்டு முற்றும் மெய்யாகையால் நானும் மறுத்ததில்லை.

1971-ல் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் உத்தியோகம் கிடைத்து, முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல புடவை எடுப்பதென்ற பவித்திரமான சங்கல்பத்தோடு பட்டணம் புறப்பட்டவனை, சென்ட்ரலில் இறங்கியதும் மூர் மார்க்கெட் வழிமறித்தது. 1985-ல் அக்கினி பகவானுக்கு ஆகுதியாகிப் போன அந்தச் சிவப்புக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று எங்கள் ஆவடி, அம்பத்தூர் வண்டிகளே வந்து நிற்கின்றன. அன்றோ அங்கே பழைய புத்தகங்களுக்கும் ஓடாத கடியாரங்களுக்கும் நடுவே ‘திருவிளையாடல்’ வசன ரிக்கார்டு ஒன்று சாய்ந்து கிடந்தது. சென்னைக்குத் தொலைக்காட்சி வர இன்னும் நான்கு வருஷங்கள் இருந்த அக்காலத்தில், ஏ. பி. நாகராஜன் 1965-ல் எடுத்த படத்தை மறுபடி அனுபவிக்க வேண்டுமானால் டூரிங் டாக்கீஸின் தயவு வேண்டும், அல்லது இத்தகைய தட்டு வேண்டும். சிவாஜியின் சிவபெருமானும் நாகேஷின் தருமியும் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைக்கிறார்கள் என்றால் எந்த சங்கல்பம்தான் நிற்கும்? அம்மாவின் புடவை ரவிக்கைத் துணியாகச் சுருங்கியது.

களிமண் பிள்ளையாரை மனைப்பலகையில் ஏந்தி வருவது போல அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, பேசின் பிரிட்ஜ் முதல் கொரட்டூர் வரை நின்றபடியே வந்தேன். வழியில் இடித்தவர்களெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, “என்ன பாட்டு?” என்றே கேட்டார்கள்.

எங்கள் தெருவில் பாட்டுப் பெட்டி என்று இருந்தது, ஓய்வு பெற்ற ரயில்வே தாத்தா ஒருவரிடம் மட்டுமே. அது சாவி கொடுக்கும் பெட்டி. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். அரக்கினால் ஆன பழைய தட்டுகளுக்கென்று பிறந்தது. என்னுடையதோ முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்ற வேண்டிய நிதானமான பிளாஸ்டிக் தட்டு. இந்தத் தாரதம்மியம் எனக்குத் தெரியாது. தெரிந்த தாத்தாவும், “வைத்துத்தான் பார்ப்போமே, தம்பி” என்றார். தெருவே திண்ணையில் கூடியிருந்தது. ஊசி இறங்கியதும் சர்வலோக நாயகனும் வறிய புலவனும் எவ்வித பேதமுமின்றி இரண்டு அணில்களாகிக் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடினார்கள். அத்வைதம் இவ்வளவு சுலபமாக எனக்கு அதற்கு முன்னும் விளங்கியதில்லை, பின்னும் விளங்கியதில்லை. அந்த இரும்பு ஊசியோ, கனத்த தலையின் பாரத்தோடு உழவு மாட்டைப் போல் தட்டை உழுதுகொண்டு போய், தருமி புலம்பும் கட்டத்தில் ஓரிடத்தில் ஆழமாகக் குழி பறித்துவிட்டு நின்றது.

“தட்டில்தான் குற்றம்” என்றார் தாத்தா, நக்கீரரைப் போல. பெட்டி அவருடையதாகையால் அங்கே எதிர்வாதத்துக்கு இடமில்லை.

பிறகு இரண்டு வருஷம் அது பரணில் அஞ்ஞாதவாசம் செய்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் சமயம் ஆவடியிலிருந்து வந்த சவுண்டு சர்வீஸ்காரர், “ஒரு நாள் குடுங்க சார், போட்டுட்டுத் தரேன்” என்று வாங்கிப்போனார். புளியமரத்துக் குழாய் ஒலிபெருக்கியில், உரிய வேகத்தில், உரிய கம்பீரத்தில் என் தட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். குழி விழுந்த இடம் வந்ததும் தருமி ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லிவிட்டு, சவுண்டு சர்வீஸ்காரர் ஒரு தட்டுத் தட்டியதும் மேலே போனார்.

அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை; தட்டு திரும்பி வரவே இல்லை. ஆனால் வருஷந்தோறும் ஆடியிலும், மற்ற மாதங்களில் யார் வீட்டு விசேஷமானாலும், அந்த மூன்று தடவையைக் கேட்டு, அது என் சொத்து என்று அறிந்துகொள்வேன். சில வருஷங்கள் கழித்துத் தெருப் பிள்ளைகள் அந்தக் காட்சியை நாடகமாகப் போட்டார்கள். தருமியாக வந்த பையன் அந்த வார்த்தையை மூன்று தடவை சொன்னான்; சொல்லிவிட்டு, யாராவது வந்து தட்டட்டும் என்று காத்து நின்றான்.