பொதுக் கணக்கு

(விருதுநகர் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஊருணிக் கரை, வேப்பமரத்தடி. ஒருவர், வட்டாரத்துக்கென்று நன்கொடை திரட்டி உள்ளூர்ப் பணிகளுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளையின் திட்ட அலுவலர், மடியில் லேப்டாப். மற்றவர், கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர், ஊருணிக் குழுவின் பொருளாளர், மடியில் சிட்டை.)

அலுவலர்: அண்ணாச்சி, உங்க விண்ணப்பம் ஒரே பக்கம்தான் இருக்கு.

கணக்குப்பிள்ளை: வேலையும் ஒண்ணுதானே தம்பி. ஊருணிக்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் மண்மேடாப் போச்சு. சீமைக்கருவேலம் அடைச்சுக் கிடக்கு. ஜேசிபி மூணு நாள் ஓடணும், டிராக்டர்ல மண்ணை அள்ளணும், படித்துறையில உடைஞ்ச கல்லை மாத்தணும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம்.

அலுவலர்: அதையேதான் எங்க படிவத்துல நாப்பத்தேழு கேள்வியாக் கேட்டிருக்கோம். ஒண்ணொண்ணாப் போவோம். முதல்ல பேஸ்லைன். ஊருணியோட இப்போதைய நிலை?

கணக்குப்பிள்ளை: காலி.

அலுவலர்: இருநூறு வார்த்தையில சொல்லணும்.

கணக்குப்பிள்ளை: எட்டிப் பாருங்க. ரெண்டாவது வார்த்தைக்கே உள்ள ஒண்ணும் இல்ல.

அலுவலர்: சரி, பயனாளிகள்? ஆண், பெண், குழந்தைகள், முதியோர்னு தனித்தனியா வேணும்.

கணக்குப்பிள்ளை: ஊர் மொத்தமும். அப்புறம் ஆடு, மாடு.

அலுவலர்: ஆடு மாட்டுக்குக் கட்டம் இல்லை அண்ணாச்சி.

கணக்குப்பிள்ளை: போட்டாலும் அதுக கட்டத்துக்குள்ள நிக்காது. மேல போங்க.

அலுவலர்: இதுல என்ன புதுமை?

கணக்குப்பிள்ளை: மேட்டுல பெய்ற மழை பள்ளத்துக்கு வரும்.

அலுவலர்: அது உலகம் பூரா நடக்கிறதுதானே?

கணக்குப்பிள்ளை: இங்க நடக்கல. அதுக்குத்தான் காசு கேட்கிறோம்.

அலுவலர்: அடுத்தது, எக்ஸிட் ஸ்ட்ராடஜி. நிதி முடிஞ்சதும் அறக்கட்டளை எந்த வழியா வெளியேறும்?

கணக்குப்பிள்ளை: இப்படியே கிழக்க போனா மெயின் ரோடு. ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு.

அலுவலர்: விளையாடாதீங்க அண்ணாச்சி. உங்க குழு பதிவு ஆயிருக்கா? பான் கார்டு, 12ஏ, 80ஜி, மூணு வருச ஆடிட் ரிப்போர்ட்?

கணக்குப்பிள்ளை: பதிவுக்கு ஆடிட்டரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஊருணி எங்க பாட்டன் பொறக்கும் முன்ன வெட்டினது. அதுக்குச் சிட்டை இருக்கு. வரவு, செலவு, இருப்பு. வருசத்துக்கு ஒருக்க ஊர்க் கூட்டத்துல வாசிப்பேன். ஒரு ரூபா இடிச்சாலும் சட்டையைப் பிடிச்சுருவாங்க.

அலுவலர்: நாங்க வீம்புக்குக் கேட்கல. எங்களுக்கு வர்ற பணம் பெரும்பாலும் கம்பெனிப் பணம். 2013ஆம் வருசக் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர லாபம் அஞ்சு கோடியை எட்டின கம்பெனி, முந்தின மூணு வருசச் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். அதை வாங்கிச் செலவு பண்ற அமைப்பு 2021லேருந்து சிஎஸ்ஆர்-1 படிவத்துல பதிவு பண்ணியிருக்கணும். மொட்டை ரசீது போட்டு ஊர்ப் பணத்தை முழுங்கினவங்க கொஞ்சப் பேரா? அதுக்குத்தான் இத்தனை கெடுபிடி.

கணக்குப்பிள்ளை: நியாயம். காலம் பூரா கணக்கு எழுதினவன்கிட்ட கணக்கு கேட்டா வருத்தம் ஏன் வருது? ஆனா அதே சட்டத்துல, கம்பெனி தொழில் நடத்துற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கணும்னும் இருக்குல்ல?

அலுவலர்: இருக்கு. வட்டாரம் எதுங்கறதுலதான் சிக்கல். ஹெட் ஆபீஸ் சென்னையில இருக்கு.

கணக்குப்பிள்ளை: புகை இங்க, வட்டாரம் அங்க.

அலுவலர்: இன்னொரு சிக்கல் தலைப்பு. கொடையாளருங்க தலைப்புக் கட்டித்தான் பணம் தர்றாங்க. இந்த வருசத் தலைப்புகள் ‘டிஜிட்டல் எதிர்காலம்’, ‘பெண் தொழில்முனைவோர்’, ‘பசுமை நகரம்’. உங்க வரத்துக்கால் எதுலயும் உக்காரல. போன வருசம் ‘நீர்’னே ஒரு தலைப்பு இருந்தது.

கணக்குப்பிள்ளை: போன வருசம்தானே விண்ணப்பம் போட்டோம்! நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள தலைப்பு வத்திப் போச்சு.

அலுவலர்: நான் மேல பேசிப் பார்க்கிறேன். ஆனா வரத்துக்கால் போட்டோவுல எடுபடாது. வெட்டினதுக்கு அப்புறமும் வெறும் பள்ளமாத்தான் தெரியும். ஊருணிச் சுவர்ல ஓவியம் வரைஞ்சு, கொடையாளர் பேர்ப்பலகை வெச்சா எப்படி?

கணக்குப்பிள்ளை: ஊருணிக்குச் சுவர் இல்ல.

அலுவலர்: கட்டிரலாமே! சுத்துச்சுவருக்கு நிதி இருக்கு.

கணக்குப்பிள்ளை: சுத்திச் சுவர் வெச்சா தண்ணி எப்படி உள்ள வரும்?

அலுவலர்: அதை ரெண்டாம் கட்டத் திட்டமா எழுதிக்கலாம்.

கணக்குப்பிள்ளை: நமக்கு நாமே திட்டத்துலகூட மூணுல ஒரு பங்கு ஊர் போடணும்னுதான் கேட்டாங்க. அது சர்க்கார். அவங்க கேட்டது பணம். நீங்க ட்ரோன்ல எடுத்த படம் கேட்கிறீங்க.

அலுவலர்: அடிப்படை யோசனை இப்படி இல்ல அண்ணாச்சி. அதைப் பயிற்சியில சொன்னப்போ எனக்கே சிலிர்த்துப் போச்சு. அமெரிக்காவுல கிளீவ்லாந்து, 1914. ஃபிரெடரிக் கோஃப்னு ஒரு பேங்க் தலைவர். பணக்காரங்க உயில் எழுதி வெச்சுட்டுப் போயிருவாங்க. காலம் மாறும், உயில் மாறாது. செயின்ட் லூயிஸ்ல பிரையன் முல்லன்ஃபின்னு முன்னாள் மேயர் ஒருத்தர், 1851ல செத்தார். மேற்கே குடியேறப் போற ஏழைங்க வழியில அந்த ஊருக்கு வந்து சேர்ந்தா உதவணும்னு சொத்துல ஒரு பங்கை எழுதி வெச்சிருந்தார். ரயில் வந்தது, கூண்டுவண்டிப் பயணம் நின்னு போச்சு. பணம் மட்டும் வழிப்போக்கனைத் தேடிக்கிட்டு உக்காந்திருந்தது.

கணக்குப்பிள்ளை: அடப்பாவமே.

அலுவலர்: அதான் கோஃப், செத்தவங்க கை பணத்தைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னார். பலபேர் கொடையையும் ஒரே நிதியாச் சேர்க்கணும். அந்தந்தக் காலத்துக்கு எது தேவைன்னு ஊர்ப் பிரமுகருங்க குழு முடிவு பண்ணணும். அஞ்சு பேர் குழு. எல்லாரையும் பேங்கே போட்டுக்கல, மேயரும் நீதிபதிகளும் சிலரை நியமிச்சாங்க. இன்னைக்கு உலகம் பூரா இருக்கிற வட்டார அறக்கட்டளைகளுக்கு அதுதான் தாய்.

கணக்குப்பிள்ளை: பெரிய மனுசன்தான். உங்க குழுவுல யார் யாரு?

அலுவலர்: கொடையாளர் மூணு பேர். ஆடிட்டர் ஒருத்தர். ரிட்டயர்டு அதிகாரி ஒருத்தர்.

கணக்குப்பிள்ளை: ஊர்க்காரங்க?

அலுவலர்: ஊர்க்காரங்க சார்பா நான் போவேன்.

கணக்குப்பிள்ளை: பேசுவீங்களா?

அலுவலர்: மினிட்ஸ் எழுதுவேன்.

கணக்குப்பிள்ளை: சரி. குழு தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணிக் கொடுக்க, தலைப்புக் கட்டாத பணம்னு எவ்வளவு இருக்கு?

அலுவலர்: (லேப்டாப்பைத் தட்டுகிறார்) ஆபீஸ் வாடகை போக... கரண்ட் பில் போக... இந்த வருசம் இல்ல.

கணக்குப்பிள்ளை: செத்தவன் கையை எடுத்துட்டு இருக்கிறவன் கையை வெச்சிட்டீங்க. செத்தவன் போட்டோவுக்காவது வரமாட்டான்.

அலுவலர்: அப்போ நீங்களே சொல்லுங்க, வேற எப்படித்தான் நடத்துறது?

கணக்குப்பிள்ளை: கிளீவ்லாந்து வரைக்கும் போன பயிற்சி, விருதுநகர் பஜாருக்கு வரலையே. நான் எழுதின பில்லுல வத்தல் மூட்டை விலை இருக்கும், தரகு இருக்கும், கூலி இருக்கும், அதுக்குக் கீழ ‘மகமை’ன்னு ஒரு வரி இருக்கும். மூட்டைக்கு இவ்வளவுன்னு. யாவாரம் நடக்க நடக்க அது தனியாச் சேரும், உறவின்முறைக்குப் போகும். பள்ளிக்கூடமா, கிணறா, சத்திரமான்னு அங்க உக்காந்து பேசி முடிவு பண்ணுவாங்க. காமராசர் படிச்ச சத்திரிய வித்தியாசாலையைப் பிடி அரிசி கொடுத்துத்தான் வளர்த்தாங்க. உலை வைக்கையில ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிடியைத் தனியா எடுத்து வைப்பாங்க. இந்தப் பிடியை ‘டிஜிட்டல் எதிர்கால’த்துக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு எந்த வீட்டுலயும் சொல்லல.

அலுவலர்: நல்ல கதை. நான் ஒண்ணு கேட்கவா? மகமை ஒரு சாதிக்காரங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட வரி. முடிவு பண்ற கூட்டத்துல அந்தச் சாதிக்கு வெளியே இருந்தவங்க உக்காந்தாங்களா? பொம்பளைங்க?

கணக்குப்பிள்ளை: (சற்று நேரம் கழித்து) அரிசி எடுத்து வெச்சது பொம்பளைங்க. கணக்கு கேட்டது ஆம்பளைங்க. அது குத்தம்தான்.

அலுவலர்: இந்த ஊருணியில எல்லாத் தெருக்காரங்களும் தண்ணி எடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை: இப்ப எடுக்கலாம்.

அலுவலர்: ‘இப்ப’?

கணக்குப்பிள்ளை: எங்க அப்பா காலத்துல முடியாது.

அலுவலர்: அந்தக் கேள்வி எங்க படிவத்துல இருக்கு, முப்பத்தொண்ணாவது. உங்க சிட்டையில இருக்கா?

கணக்குப்பிள்ளை: இல்ல. ஒத்துக்கிறேன். அந்த ஒரு கேள்விக்காகவே உங்க படிவத்தைக் கும்பிடலாம். மேல தெருவுலருந்து யாரெல்லாம் குழுவுல இருக்காங்க, கீழ தெருவுலருந்து யாரெல்லாம்னு நேருக்கு நேரா கேளுங்க. இன்னைக்கே எழுதித் தர்றேன். மத்த நாப்பத்தாறுல பாதி என்ன கேட்குது? மாற்றத்தின் கதையைச் சொல்லு, வெற்றிக் கதை அனுப்பு, பயனாளி சிரிக்கிற படம் அனுப்புன்னு கேட்குது. தம்பி, ரூபாய்க்குக் கணக்கு கேளுங்க. கதை கேட்காதீங்க. கதை கேட்டா கதைதான் வரும், அதை நல்லாச் சொல்லத் தெரிஞ்சவனுக்கே பணம் போகும். வரத்துக்கால் வெட்டத் தெரிஞ்சவனுக்குக் கதை சொல்லத் தெரியாது.

அலுவலர்: கணக்கு மட்டும் போதுமா? வேலையால என்ன விளைஞ்சதுன்னு தெரிய வேண்டாமா?

கணக்குப்பிள்ளை: ஐப்பசியில வாங்க. மழை பெய்ஞ்சிருந்தா தண்ணி நிக்கும், இல்லேன்னா நிக்காது. ரெண்டையும் உள்ளபடி எழுதுங்க. இன்னொண்ணு. நீங்க ஊரைக் கணக்கு கேட்கிறீங்க. உங்ககிட்ட இந்த வட்டாரத்துப் பேரைச் சொல்லி எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்னது, எது எந்தத் தலைப்புல மாட்டிக் கிடக்குன்னு ஊர் எங்க போய்க் கேட்கும்?

அலுவலர்: ஆண்டறிக்கை இருக்கு. வழவழன்னு கலர்ல போட்டிருக்கோம்.

கணக்குப்பிள்ளை: பார்த்தேன். முப்பது பக்கம் படம், கடைசியில வட்டமா ஒரு பூசணிக்காய்க் கீத்து. மகமையில குறை ஆயிரம் இருக்கட்டும். போட்டவனும் கேட்டவனும் ஒரே கூட்டத்துல உக்காந்திருந்தான். கதவை இன்னும் அகலமாத் திறந்திருக்கணும், அவ்வளவுதான். நீங்க கதவை மூடிட்டு முப்பத்தொண்ணாவது கேள்வியை ஜன்னல் வழியா நீட்டுறீங்க.

அலுவலர்: நான் என்ன அண்ணாச்சி பண்ண முடியும்? என் சம்பளமே ‘டிஜிட்டல் எதிர்காலம்’ தலைப்புலதான் வருது. மார்ச் 31ல தலைப்பு முடிஞ்சா நானும் முடிஞ்சேன்.

கணக்குப்பிள்ளை: உங்க எக்ஸிட் ஸ்ட்ராடஜி?

அலுவலர்: ஆறரை பஸ்தான்.

கணக்குப்பிள்ளை: (சிட்டையைப் புரட்டி) கோவிச்சுக்காதீங்க, ஒரு கணக்கு வாசிக்கிறேன். தலைப்பு: ‘அறக்கட்டளை விண்ணப்ப வகையில் செலவு’. மதுரையில நீங்க நடத்துன திறன் வளர்ப்புப் பயிலரங்கத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு தடவை போய்வந்தது. ஆடிட்டர் அட்வான்ஸ். இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்த பையனுக்கு. ஜெராக்ஸ், ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி. நீங்க கேட்ட ட்ரோன் படம். ஆகமொத்தம் முப்பத்தோராயிரத்து நானூறு.

அலுவலர்: அவ்வளவா!

கணக்குப்பிள்ளை: ஜேசிபிக்கு மூணு நாள் வாடகை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜேசிபி வாடகை கேட்கிறதுக்கே ஒரு ஜேசிபி வாடகையைச் செலவு பண்ணியிருக்கோம்.

அலுவலர்: (லேப்டாப்பை மூடுகிறார்) அண்ணாச்சி, எந்தக் குழுவையும் கேட்காம என்னால செய்ய முடிஞ்சது ஒண்ணுதான். இந்தாங்க, என் சொந்தப் பணம், ஐந்நூறு ரூபா. ஊருணிக்கு.

கணக்குப்பிள்ளை: நல்லாருங்க. ரசீது போடுறேன். பேரு சொல்லுங்க.

அலுவலர்: எந்தத் தலைப்புல எழுதுவீங்க?

கணக்குப்பிள்ளை: ‘பொது’. காலையிலருந்து உங்க வாயில வராத தலைப்பு அது ஒண்ணுதான்.

அலுவலர்: (ரசீதைப் பார்த்துத் தயங்கி) இதுல 80ஜி நம்பர் இல்லையே. பாதியாவது வரியில கழிக்கலாம்னு...

கணக்குப்பிள்ளை: தம்பி, நீங்க பழைய வரித்திட்டமா, புதுசா?

அலுவலர்: புதுசு.

கணக்குப்பிள்ளை: அதுல 80ஜியே கிடையாது. பொதுவுலயே இருக்கட்டுமா, இல்ல பணத்தைத் திருப்பித் தரணுமா?