காற்றோடு மல்லுக்கட்டும் வேன்

1950-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ஒரு பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, எஞ்சினைப் பின்பக்கம் வைத்து, 25 குதிரைத்திறனோடு சாலைக்கு அனுப்பியது. உள்ளே கட்டிலும் அடுப்பும் ஏறியதும் அது கேம்பர் வேன் ஆயிற்று. ஓட்டுநருக்கு ஊர் சுற்றும் ஆசை. பக்கக் காற்றுக்கோ அவரை அடுத்த லேனுக்கு அனுப்பும் ஆசை.

காரணம் எளிது. எடை பின்னால், காற்று தள்ளுவது மூக்கை.

இதற்கு உரிமையாளர்கள் செய்யும் வைத்தியம்தான் வேடிக்கை. கூரைமேல் சைக்கிள், படகு, பெட்டி என்று கோபுரம் எழுப்புவார்கள். பிறகு, "வண்டி ஆடுகிறதே!" என்று விலையுயர்ந்த ஸ்பிரிங் தேடுவார்கள். தேய்ந்த புஷ், தளர்ந்த பால் ஜாயின்ட், உயிர்விட்ட ஷாக் அப்சார்பர் இவற்றை மாற்ற மனம் வராது, புகைப்படத்தில் தெரியாதே! வேனின் பாரம் தாங்கும் டயருக்குப் பதில் மெத்தென்ற கார் டயர் மாட்டி, காற்றழுத்தத்தையும் பார்க்கமாட்டார்கள்.

பிடிப்புக் கதை இன்னும் சுவை. எஞ்சின் எடை பின்சக்கரங்களை அழுத்துவதால், அந்த வண்டிக்கு இயல்பாகவே நல்ல பிடிப்பு உண்டு. போதாதென்று 1985-இல் நான்கு சக்கர இயக்கத்துடன் 'சிங்க்ரோ' வகை வேன்கள் வந்தன. அவற்றில் சில பார்த்த அதிகபட்சக் காடு, முகாம் மைதானத்துப் புல்தரைதான்.

காற்று பலமாக அடித்தால் வேகத்தைக் குறையுங்கள். இதற்குச் செலவே இல்லை. அதனால்தான் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.