துரை வீட்டுப் பாரம்பரியம்

எங்கள் குடும்பத்தின் பாரம்பரியப் பலகாரம் ஆப்பிள் கேக். அது வேறொரு குடும்பத்தின் பாரம்பரியம் என்பதை மட்டும் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ஒரு துரை வீட்டில் தாத்தா பட்லராக இருந்தார். 1947-இல் துரை குடும்பத்தோடு கப்பலேறினார். பங்களாவை வேறொரு அதிகாரி எடுத்துக்கொண்டார், நாயைப் பக்கத்து பங்களாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், கேக் எங்களுக்கு வந்தது. ஒரே தலைமுறையில் அது எங்கள் பாட்டியின் கைமணம் ஆகிவிட்டது. சொத்து மாற்றத்தில் இவ்வளவு சுலபமானது வேறெதுவும் எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை.

அந்தக் காலத்தில் சமவெளியில் ஆப்பிள் என்பது நோயாளியின் உணவு. கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கினால், "யாருக்கு என்ன உடம்புக்கு?" என்று தெருவே விசாரிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் இருக்கும். குன்னூரில் எங்களுக்கு அந்த மரியாதை புரியாது. கொல்லையில் பேரி, பிளம்ஸ் மரங்களோடு இரண்டு ஆப்பிள் மரங்களும் நின்றன. சிம்ஸ் பூங்காவை ஒட்டிய அரசாங்கப் பழப்பண்ணை 1920-இல் தொடங்கியது. எங்கள் மரமும் அங்கிருந்து வந்த கன்றுதான் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். பழத்தைக் கடித்தால் அந்தப் பெருமை போய்விடும். சின்னது, பச்சை, உடம்பெல்லாம் கரும்புள்ளி, பல் கூசும் புளிப்பு.

பண்ணையைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய சிவப்பு ஆப்பிள் காய்க்க, குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரமாவது 7 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். நீலகிரிக் குளிர் சுற்றுலாப் பயணியின் பல்லைத் தந்தியடிக்க வைக்கப் போதும். அந்த மரத்துக்குப் போதாது. குறைந்த குளிரில் காய்க்கிற ரகங்கள்தான் இங்கே பிழைக்கும். சந்தையில் அவற்றை யாரும் சீந்த மாட்டார்கள். ஆடிக் காற்றில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வருவாள் பாட்டி. விற்காத பழம், சாப்பிட முடியாத பழம், தூக்கிப் போட மனம் வராத பழம்: எங்கள் பாரம்பரியத்தின் அஸ்திவாரம் இதுதான்.

மற்ற சாமான்களும் இதே ரகம்தான். சர்க்கரை ரேஷன் கடை தயவு. கேக் போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் பல நாள் காப்பி கசக்கும். பட்டையும் சாதிக்காயும் பர்லியாரிலிருந்து வரும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கிற அந்த ஊரில் அரசாங்க வாசனைப்பயிர்த் தோட்டம் உண்டு. சாதிக்காய் அங்கே மரத்தில் தொங்கும். முட்டை வீட்டுக் கோழி போட்டது, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதனால் பாட்டி முட்டையை எண்ண மாட்டாள். தராசின் ஒரு தட்டில் நாலு முட்டையை வைப்பாள். மறு தட்டில் அதே எடைக்கு வெண்ணெய், அப்புறம் அதே எடைக்குச் சர்க்கரை, பிறகு மைதா. படிக்கல்லை உடைத்து மாவில் ஊற்றுகிற தராசை நான் அந்த ஒரு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைப்பது பேரப்பிள்ளைகள் வேலை. ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும்; கை மாறினால் கேக் உட்கார்ந்துவிடும் என்பது சட்டம். அது பொய் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் நடுவில் எழுந்து போகிறவனைப் பிடித்து வைக்க அதைவிட நல்ல பொய் கிடையாது. நறுக்கிய ஆப்பிளை, தோலைக்கூடச் சீவாமல், கடைசியில் கலப்பாள். புளிப்பும் சோடா உப்பும் சந்தித்து மாவு லேசாக நுரைக்கும்.

அடுப்பு என்பது மண்ணெண்ணெய் டின். அடியில் மணல், அதன் கீழே சீகை மரக்கரித் தணல், மூடிமேல் இன்னொரு தட்டுத் தணல். சூடு சரியா என்று பார்க்க ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை உள்ளே போட்டு எடுப்பாள். கருகினால் தணலைக் குறை, வெளுத்திருந்தால் விசிறு, பொன்னிறமானால் கேக்கை வை. வெந்ததா என்று பார்க்கப் புது விளக்குமாற்றிலிருந்து உருவின ஈர்க்குச்சி. வாசனை எட்டிய வீட்டுக்கெல்லாம் ஒரு துண்டு போகும் என்பது எழுதாத விதி. காற்று பலமாக அடித்தால் எங்களுக்குத் துண்டு சிறுக்கும்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். மகள் வீட்டு ஓவன் கதவில் எண்கள் மின்னுகின்றன. 180 டிகிரி என்றால் 180-தான். சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, டாக்டர்தான் பஞ்சத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். 1999-க்குப் பிறகு வெளிநாட்டு ஆப்பிள் தாராளமாக இறங்குகிறது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்காவோடு நடந்த சண்டையில் 2019-இல் வாஷிங்டன் ஆப்பிள்மேல் கூடுதலாக 20 சதவீத வரி விழுந்தது. 2023-இல் அது நீங்கியது. பாட்டி முந்தானையில் பொறுக்கிய பழத்துக்கு இப்படியொரு வெளியுறவுக் கொள்கை இருக்கும் என்று யார் கண்டார்கள்? மெழுகு பூசி, நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது பழம். கேக்கில் போட்டால் கூழாகிவிடுகிறது.

இந்தச் சிவப்பு ரகத்தின் இந்தியக் கதை சுவையானது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய 1904-இல் வந்தவர். 1916-இல் சிம்லா மலையில் கோட்கரில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். பிறகு கதர் உடுத்தி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய், சத்தியானந்தர் ஆனார். அவர் ஊர் மக்களுக்கு அந்தப் பழம் வாழ்வு கொடுத்தது. எங்களுக்குக் கொடுத்தது ஒரு தீர்மானம்: ஆப்பிள் என்றால் சிவப்பு, இனிப்பு, பளபளப்பு. புளித்த ரகங்களை அந்தத் தீர்மானமே காலி செய்துவிட்டது. எங்கள் கொல்லை மரங்கள் இருந்த இடத்தில் இன்று தேயிலைச் செடிகள் நிற்கின்றன.

சென்னை கேக் மந்தமாக உட்காருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டி பாவம், அவளுக்கே அது தெரியாது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, மாவு தானாகவே துள்ளி எழும்பும். அதனால் அவள் கால் ஸ்பூன் சோடா உப்போடு நிறுத்தினாள். அதே கால் ஸ்பூனைக் கடற்கரையில் போட்டுவிட்டு, "பாட்டி கை வரலியே" என்று மூன்று அத்தைகள் ஆளுக்கொரு தீபாவளிக்குக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

போன கோடையில் மலையில் ஒரு தங்கும் விடுதியில் 'பழங்கால பங்களா ஆப்பிள் கேக்' என்று துண்டு 350 ரூபாய்க்கு வைத்திருந்தார்கள். முட்டை கிடையாது, மைதா கிடையாது, சர்க்கரையும் கிடையாது. பழங்காலம் மட்டும் இருந்தது. மகள் ரசித்துச் சாப்பிட்டாள். "நம்ம பாட்டி பண்ற மாதிரியே இருக்குல்லப்பா?" என்றாள். அவள் பாட்டி கேக் பண்ணியதே இல்லை. பண்ணியது என் பாட்டி. நான் திருத்தவில்லை. துரையும் எங்களைத் திருத்தவில்லையே.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: கடையில் பச்சை கிரானி ஸ்மித் கேளுங்கள். சிட்னி பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்த மரத்தின் வம்சம் அது. புளிப்புக்கு உத்தரவாதம், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். கடலோர ஊர் என்றால் சோடா உப்பு அரை ஸ்பூன். யாராவது கேட்டால் தயங்காமல் குடும்பப் பாரம்பரியம் என்றே சொல்லுங்கள்.